சாரல் நகரில் வாங்கிய வெயில்

என் கையெழுத்து வேண்டாம் என்று சொல்வதற்காக அன்று ஆறு ஆண்கள் குடை பிடித்துக்கொண்டு என் மில்லுக்கு வந்திருந்தார்கள்.

ஆடி மாதம். மூன்று வாரமாகக் கரண்ட் இல்லை. வாசலில் மாவு மில் என்று போர்டு தொங்குகிறது. உள்ளே மாவும் இல்லை, சத்தமும் இல்லை. சுவரிலும் பெல்ட்டிலும் படிந்திருந்த பழைய மாவு சாரல் ஈரத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பழைய சேலைத் துண்டை வைத்து மோட்டாரின் மேல் பூத்திருந்த பூஞ்சையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் நின்றவர் சுப்பையா அண்ணாச்சி. எங்கள் சாரல் நகரின் தலைவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் யாரிடம் பேசினாலும், உள்ளே தள்ளிப் போகச் சொல்கிற மாதிரியே கையை ஆட்டிப் பேசுவார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்திருந்தார்.

"செண்பகம், எல்லாம் முடிஞ்சிட்டும்மா. நாளைக்குக் கம்பம் நட்டுருவாவ. மத்தியானம் உனக்கு மில் ஓடும்."

"என்ன முடிஞ்சிட்டு?"

"பெரிய ஊரோட பேசி முடிச்சாச்சு. எல்லாத் தலைக்கட்டும் கையெழுத்துப் போட்டாச்சு."

"நான் போடலையே அண்ணாச்சி."

அவர் சிரித்தார். நல்ல செய்தி கொண்டுவந்தவரின் சிரிப்பு. "உனக்கு அந்தச் சங்கடமே இல்லம்மா. உன் கையெழுத்து வேண்டாம்னுட்டாவ. அரை வரிக்காரங்க கையெழுத்து தேவையில்லையாம்."

இந்தத் தொடரில் நான் பல கோபங்களை எழுதியிருக்கிறேன். மில்லை வாங்கப் போன இடத்தில், 'வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா' என்று கேட்டார்கள் என்று போன வாரம் எழுதினேன். அதைப் படித்துவிட்டு மதுரை வாசகர் ஒருவர், 'அம்மாவுக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, இந்த வாரத்தையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அரை வரி என்னும் சலுகை

எங்கள் பக்கத்தில் கொடை என்கிற கோயில் திருவிழாவுக்கு ஊர் வரி உண்டு. கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவனுக்கு ஒரு வரி. அவன் செத்துப்போனால் அவன் மனைவிக்கு அரை வரி. இதற்குச் சலுகை என்று பெயர். பாவம், தனியாக நிற்கிற பொம்பளை, அவளிடம் போய் முழுதாக வாங்கலாமா என்கிற இரக்கம்.

நானும் ஆரம்பத்தில் இரக்கம் என்றுதான் நம்பினேன். என் வீட்டுக்காரர் இறந்த மறுவருஷம் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். மில்லுக்கு எதிரே சாக்கடை அடைத்துக்கொண்டு, மாவு வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். அதைச் சொல்லலாம் என்று எழுந்தேன். ஒரு பெரியவர் கையை அமர்த்திக் காட்டினார்.

"முழு வரிக்காரங்க பேசி முடிக்கட்டும்மா. பொறவு பாப்போம்."

அவர்கள் அன்றைக்குப் பேசி முடிக்கவே இல்லை. சுண்டல் கொடுத்தார்கள், கலைந்துவிட்டோம். அடுத்த வருஷமும் அதேதான். மூன்றாவது வருஷம் நான் போகவில்லை. பாதி வரி வாங்குகிறவர்கள் என் பேச்சில் பாதியையாவது கேட்டிருக்கலாம் அல்லவா? அதுவும் கிடையாது. அவர்களுடைய இரக்கத்தின் விலை என் வாய்தான் என்று அப்போது புரிந்தது.

ஊர் பிரிந்தது

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. பெரிய ஊர் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களும் அதைத்தான் விரும்புவார்கள். குத்துக்கல்வலசையைத் தாண்டிக் கிழக்கே போனால் வரும். அதன் கடைசியில், குளத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் கீழத்தெரு. துபாய்க்கும் சவூதிக்கும் போனவர்கள் கட்டிய மாடி வீடுகள் பாதி, பீடி சுற்றிப் பிழைக்கிற ஓட்டு வீடுகள் பாதி.

பெரிய ஊரின் கொடைக்குச் சப்பரம் மூன்று தெருவையும் சுற்றி வரும். எங்கள் தெருமுனை வந்ததும் திரும்பிவிடும். ஏனென்று கேட்டால் தெரு குறுகல் என்பார்கள். வரி வாங்க வரும்போது மட்டும் தெரு குறுகாது. கடைசி வீடு வரைக்கும் வருவார்கள்.

மாவட்டம் பிரிந்த வருஷம்தான் எங்களுக்கும் புத்தி வந்தது, அல்லது புத்தி போனது. தென்காசி தனி மாவட்டம் என்றானதும் டவுனில் வெடி போட்டார்கள். சுப்பையா அண்ணாச்சி லட்டு வாங்கிக்கொண்டு வந்து, என் மில்லில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

"எதுக்கெடுத்தாலும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுன காலம் போச்சு. ஏலே, தென்காசி பிரியலாம்னா நாம பிரியக்கூடாதா?" என்று கேட்டார்.

கேட்டது விளையாட்டாகத்தான். ஆனால் அரைக்க வந்த ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு மாதத்தில் கீழத்தெரு தனி ஊராகிவிட்டது. குளக்கரையில் சின்னதாக ஒரு அம்மன் கோயில் கட்டினோம். பெயர் வைப்பதில் மட்டும் ஒரு மாதம் சண்டை. ஆளுக்கொரு தலைவர் பெயரைச் சொல்லி மல்லுக்கு நின்றார்கள். கடைசியில், யாருக்கும் பகையில்லாத பெயராக இருக்கட்டும் என்று சாரல் நகர் என்று வைத்தோம். பச்சைப் போர்டில் மஞ்சள் எழுத்து.

புளியறையில் பரோட்டாக் கடை வைத்திருக்கிற என் தம்பி இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் கடைக்கு எதிரே எந்நேரமும் கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசையாக நிற்கும்.

"யக்கா, எல்லைன்னா செக்போஸ்ட் வேணும், போலீஸ் வேணும், நிறுத்துததுக்கு லாரி வேணும். உங்க ஊருக்கு என்ன இருக்கு? ஒரு போர்டு. அதுலயும் ஆடு முதுகு சொறியுது."

அவனுக்கென்ன தெரியும். எனக்குப் போர்டு முக்கியமில்லை. முதல் கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எனக்கு எத்தனை வரி?"

சுப்பையா அண்ணாச்சி எழுந்து எல்லோர் முன்னாலும் சொன்னார். "இங்கன அரையும் கிடையாது, காலும் கிடையாது. எல்லாருக்கும் முழு வரி, எல்லாருக்கும் பேச்சு."

என்னையும் சேர்த்து அங்கே நாலு வீடுகள் அரை வரி. பக்கத்து வீட்டுக் கோமதி பீடி சுற்றுகிறவள். புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. முடிச்சை அவிழ்த்து முழு வரியை எடுத்து வைத்துவிட்டு, "இந்தத் தெருவுல விளக்கு எரியலை அண்ணாச்சி, அதை முதல்ல பாருங்க" என்றாள். கூட்டத்தில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. மறுநாள் விளக்கு எரிந்தது. வாழ்க்கையில் யாராவது என்னிடம் அதிகமாகக் காசு கேட்டதற்காக நான் சந்தோஷப்பட்டதும் அந்த ஒரு தடவைதான்.

பீஸ் கட்டை

பிரிகிறபோது எதையெல்லாம் பிரித்தோம் தெரியுமா? வரியைப் பிரித்தோம். கொடைச் சமையலுக்கான அண்டாவிலும் கரண்டியிலும் எங்கள் பங்கைக் கேட்டு வாங்கினோம். ஜமுக்காளத்தில்கூட இரண்டு எங்களுக்கு வந்தது. டிரான்ஸ்பார்மரைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

அது பெரிய ஊரின் கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கிருந்து அவர்கள் கோயிலின் நெல் களத்து வழியாக நாலைந்து கம்பம் தாண்டித்தான் எங்களுக்குக் கரண்ட் வரவேண்டும். மறுபக்கம் முழுக்கக் குளம். அந்த வழியாகக் கம்பம் நட முடியாது. கரண்ட் அரசாங்கத்துடையது, அதில் யார் கை வைக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

எங்கள் முதல் கொடை வைகாசியில் நடந்தது. வில்லுப்பாட்டு ஆரம்பித்து, அம்மன் பிறந்த கதை வரை வந்திருக்கும். மைக் நின்றது. சீரியல் பல்பு அத்தனையும் அணைந்தது. டிரான்ஸ்பார்மரில் யாரோ எங்கள் பக்கத்துப் பீஸ் கட்டையைப் பிடுங்கியிருந்தார்கள். லைன்மேன் வந்து போட்டுக்கொடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது.

யார் செய்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் டீக்கடையில் பெரிய ஊர்க்காரர் ஒருவர், எங்கள் ஆட்கள் காதில் விழுகிற மாதிரி சொன்னார். "தனி ஊருன்னா தனி வெளிச்சம் வேணும்லா?"

அந்த ஒரு வார்த்தைதான் எங்களைச் சோலாரில் கொண்டுபோய் விட்டது.

உச்சி வெயிலில் ஒரு சட்னி

வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். அடுத்த பங்குனியில், கழுத்தில் அட்டை தொங்க ஒரு விற்பனைக்காரர் வந்தார். கோயில் மொட்டை மாடியில் பேனல்களைச் சாய்த்து வைத்து ஒயரை இழுத்தார். உச்சி வெயில். ஃபேன் சுற்றியது. மைக் செட் பாடியது. கோமதி வீட்டு மிக்ஸியைக் கொண்டுவரச் சொல்லித் தேங்காய்ச் சட்னியே அரைத்துக் காட்டினார். ஆளுக்கு ஒரு சொட்டு நக்கிப் பார்த்தோம். உப்பு சரியாக இருந்தது.

"இங்க வெயில் எல்லாம் எப்படி சார்?" என்று கேட்டார்.

"வெயிலுக்கா பஞ்சம்? மண்டையைப் பொளந்துரும் தம்பி" என்றார் சுப்பையா அண்ணாச்சி.

சாரல் நகர் என்ற போர்டுக்குக் கீழே நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றோம். ஆனி பிறந்தால் மூன்று மாதத்துக்கு மலைக்கு மேல் மேகம் உட்கார்ந்துகொள்ளும், சூரியன் இருக்கிற திசையே தெரியாது என்று ஒரு வாய் சொல்லவில்லை. காயப்போட்ட துணி நாலு நாளானாலும் ஈரமாகவே கிடக்கிற ஊர் இது. குற்றாலத்துக்கு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவதே வெயிலுக்குத் தப்பித்துத்தான்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். மறைத்ததல்ல. எங்களுக்குச் சாரல் ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. 'எங்க ஊர்ல மூணு மாசம் வெயிலே கிடையாது தெரியுமா' என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையடித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பெருமையைக் கொண்டுபோய் யாராவது குறைக் கணக்கில் சொல்வார்களா? வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "என் மில் மோட்டாரை இது இழுக்குமா?"

"அது த்ரீ ஃபேஸ், வேற கெபாசிட்டி மேடம்" என்றார்.

அப்போதே நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. எல்லோரும் கைதட்டியபோது நானும் தட்டினேன். ரோஷம் வந்துவிட்டால் எனக்கும் கண் தெரியாது.

அந்த வைகாசிக் கொடை பிரமாதமாக நடந்தது. பகலெல்லாம் வாங்கிய வெயிலில் இரண்டு நாளும் சீரியல் பல்பு ஜொலித்தது. பெரிய ஊர்க்காரர்கள் குளத்தின் அந்தக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வேண்டுமென்றே இன்னும் நாலு டியூப்லைட் போட்டோம். நான் பார்த்ததிலேயே சுப்பையா அண்ணாச்சி அதிகம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது அந்த இரண்டு நாளில்தான்.

காற்று இரண்டு வேலை செய்தது

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மாதம் தள்ளிப் போடக்கூடாதென்று ஆடியிலேயே கோமதியின் மகளுக்கு வளைகாப்பு. ஐந்து படி அரிசியை ஊறவைத்து, வடித்து, மில்லில் கொண்டுவந்து வைத்திருந்தாள். முதல் ஈடு போட்டேன். காற்று அப்போது கூரை ஓட்டைக் கிளப்புகிற மாதிரி அடித்தது. மோட்டார் ஒரு தடவை முனகியது, நின்றுவிட்டது.

பெரிய ஊர்க் களத்தில் எங்கள் பக்கம் வருகிற கம்பம் ஒன்று சாய்ந்து கிடந்தது. ஒருவருக்கும் அடிபடவில்லை. மறுநாள் காலையில் கரண்ட் ஆபீஸ் போர்மேன் ஆட்களோடு டிராக்டரில் புதுக் கம்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். பெரிய ஊர்க்காரர்கள் குழி தோண்ட விடவில்லை.

"இது கோயில் இடம். அப்பம் எங்க ஊர்க் கம்பம்னு இடம் கொடுத்தோம். இப்பம் இது வேற ஊர்க் கம்பம்லா. வேற ஊர்க் கம்பத்துக்கு இங்கன இடமில்லை" என்றார் பெரிய ஊரில் வரிப் புத்தகம் வைத்திருக்கிற ராமையா அண்ணாச்சி.

போர்மேன் கெட்டவர் இல்லை. நனைந்துகொண்டே அரை நாள் நின்று பேசிப் பார்த்தார். பிறகு கம்பத்தைச் சாலையோரம் இறக்கிப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "யக்கா, இது ஊர்ப் பிரச்சினை. நீங்க பேசி முடிச்சுட்டு ஒரு போன் போடுங்க. ஒரு மணி நேரத்துல நட்டுத் தாரேன்."

ஊர்ப் பிரச்சினை. இந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சி கொதிக்கும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அது புகார். கரண்ட் வரவில்லை என்றால் அதுவும் புகார். நாலு பேர் குறுக்கே நின்று வரவிடாமல் செய்தால் மட்டும் அது ஊர்ப் பிரச்சினை ஆகிவிடும். பிறகு அதில் சட்டமும் வராது, ஆபீஸும் வராது. குறுக்கே நிற்கிறவர்களோடு நாமே உட்கார்ந்து, அவர்கள் மனம் குளிர்கிற மாதிரி பேசி முடிக்க வேண்டும். குற்றம் செய்தவனையும் அடிபட்டவனையும் ஒரே பாயில் உட்காரவைக்க இதைவிட வசதியான சொல் எந்த மொழியிலும் இருக்காது.

கோமதியின் ஈர அரிசி மூன்றாம் நாள் புளித்து நாறியது. குளத்தில் கொட்டிவிட்டு வந்தாள். டவுனில் மாவு வாங்கி வளைகாப்பை நடத்தினார்கள். தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரும் அதே லைன் என்பதால் பொம்பளைகள் பெரிய ஊர்க் குழாயில் போய் நிற்க வேண்டியதாயிற்று. அவர்கள் பிடித்து முடிக்கிற வரை தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

சோலார்? அது கோயில் மாடியில் நனைந்துகொண்டிருந்தது. மாவைச் சலித்த மாதிரி சாரல் விடாமல் விழுந்துகொண்டே இருந்தது. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரியும், கீங் கீங் என்று கத்தும். நாள் முழுக்க நின்றால் நாலு செல்போனுக்குச் சார்ஜ் ஏறும். அது யாருடைய நாலு போன் என்று தினமும் சண்டை. விற்பனைக்காரருக்குப் போன் போட்டோம். "மழைக் காலத்துல கொஞ்சம் கம்மியாத்தான் வரும் சார்" என்றார்.

எனக்கு அதிகமாக எரிந்தது அதில்கூட இல்லை. எங்கள் தெருவைத் தாண்டினால் காற்றில் கரண்ட் எடுக்கிற ராட்சதக் காத்தாடிகள். எங்கள் ஆட்கள் விற்ற காட்டில்தான் நிற்கின்றன. அந்த ஆடி முழுக்க ஒரு நிமிஷம் நிற்காமல் சுற்றின. என் பூட்டிக்கிடந்த மில்லுக்குள் உட்கார்ந்தால் அந்த ஊங்காரம் மட்டும்தான் கேட்கும். எந்தக் காற்று எங்கள் கம்பத்தைச் சாய்த்ததோ அதே காற்றுதான் அவற்றைச் சுழற்றியது. எங்கள் தலைக்கு மேலே பெரிய கோபுரங்களில் கம்பி கட்டி, அந்தக் கரண்ட் எங்கேயோ போகிறது. யாரோ, எங்கேயோ, ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். கீழே நாங்கள் மெழுகுவர்த்தி வாங்குகிறோம்.

"அதுலேர்ந்து எங்களுக்கு ஒரு ஒயர் இறக்கித் தந்தா என்ன?" என்று போர்மேனிடமே கேட்டேன்.

"அது பெரிய லைன்க்கா. உங்களுக்கு அங்கேர்ந்து நேரா வராது. அது போற இடத்துக்குப் போயி, சுத்தி, டிரான்ஸ்பார்மர் வழியாத்தான் வரணும்" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் என் தலைக்கு மேல் போகிற கரண்ட் எனக்கு வர பெரிய ஊரின் சம்மதம் வேண்டும் என்பதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த வாரம்தான் தம்பி போன் செய்து, குற்றாலத்தில் சீசன் அமோகம், டிவியில் காட்டுகிறார்கள், பார்த்தாயா என்று கேட்டான். எதில் பார்க்க?

மறுபடியும் அந்தக் காகிதம்

இப்படி மூன்று வாரம் போன பிறகுதான் ஆறு பேர் குடையோடு வந்து நின்றார்கள். கவரிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். சுப்பையா அண்ணாச்சி தயங்கித்தான் கொடுத்தார்.

'கீழே கையொப்பமிட்டுள்ள தலைக்கட்டுகளாகிய நாங்கள் தனி ஊர் அல்ல என்றும், பெரிய ஊரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள் என்றும், முன்பிருந்த முறைப்படியே வரி செலுத்துவோம் என்றும் சம்மதிக்கிறோம்.' கீழே வரிசையாகக் கையெழுத்துகள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குக்கூட அவர்களுடைய தகப்பன்மார் போட்டிருந்தார்கள். கடல் தாண்டி இருக்கிற ஆம்பளையின் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. பக்கத்து வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற கோமதிக்குக் கிடையாது.

"முன்பிருந்த முறைன்னா, நானும் கோமதியும் மறுபடி அரை வரியா அண்ணாச்சி?"

"அது பேருக்குத்தாம்மா. நமக்குள்ள நீ முழு வரிதான். வெளிய சொல்லிக்கிட வேண்டாம்."

"வெளிய சொல்லாத வரி எனக்கு எதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "என்ன கேக்கச் சொல்லுத? கரண்ட் வேணும்லா உனக்கு? எல்லாரையும் விட உனக்குத்தான் வேணும். மில்லு பூட்டிக் கெடக்கு. உனக்கும் சேத்துத்தாம்மா நாங்க போயி அவனுவ முன்னால தலை குனிஞ்சு நின்னுட்டு வாரோம்."

அதில் பொய் இல்லை. எனக்கு மில் ஓட வேண்டும். அதை விட்டால் எனக்கு வேறு சோறு கிடையாது. கையெழுத்துக் கேட்டிருந்தால், அழுதுகொண்டாவது நானும் போட்டிருப்பேனோ என்னவோ. தெரியாது. அதைத் தெரிந்துகொள்கிற சந்தர்ப்பத்தைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை. பெரிய ஊர் என்னை ஆளாக மதிக்காதது எனக்குப் பழகிப்போன அவமானம். ஆனால் அந்த அவமானத்துக்கு எதிராக முழு வரி கட்டிச் சேர்ந்த ஊரே, முதல் நெருக்கடி வந்ததும் என்னை விட்டுக்கொடுத்துவிட்டு, சங்கடம் மிச்சம் என்று சந்தோஷமாக வந்து சொன்னதே, அது எனக்குப் புதிது. அன்று நெஞ்சு வலித்த மாதிரி என் வீட்டுக்காரர் போனபோதுதான் வலித்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி கவரில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கம்பம் நட்டார்கள். சாரல் நகர் போர்டைக் கழற்றி எங்கோ கொண்டுபோனார்கள். மத்தியானம் கரண்ட் வந்தது. நான் மில்லைத் திறந்து ஓட்டினேன். வீம்புக்குப் பூட்டி வைக்கவில்லை. சாயங்காலம் வரை வரிசை நின்றது; பெரிய ஊரிலிருந்துகூட மிளகாய் வற்றல் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் அரைத்துக் கொடுத்தேன். ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் பெயரைக் காட்டுங்கள்

அடுத்த சித்திரை முடிகிற சமயம். ராமையா அண்ணாச்சி ரசீதுப் புத்தகத்தோடு கொடை வரிக்கு வந்தார். வீடு காட்ட சுப்பையா அண்ணாச்சியும் கூட வந்தார். கண்டக்டர் வேலை பார்த்தவருக்கு மறுபடியும் டிக்கெட் புத்தகத்துக்குப் பின்னால் நடக்கிற வேலை. மில்லில் கோமதி அரிசியோடு நின்றிருந்தாள்.

"செண்பகம், கொடை வரி. உனக்கு அரை. கோமதி, உனக்கும் அரை."

"எந்த ஊருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எந்த ஊருக்கா? நம்ம ஊருக்குத்தான்."

"நான் உங்க ஊர் இல்லியே. சாரல் நகர்லா."

அவர் சுப்பையா அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார். "என்னய்யா, இவளுக்கு விஷயம் தெரியாதா? அதான் எழுதிக் கொடுத்தாச்சுல்லா." பைக்குள் கைவிட்டு, அந்தக் காகிதத்தின் நகலை எடுத்து நீட்டினார்.

"அதுல என் பேரு எங்க இருக்குன்னு காட்டுங்க."

தேடினார். காகிதத்தைத் திருப்பியும் பார்த்தார். சுப்பையா அண்ணாச்சி வெளியே எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"அரை வரிக்காரங்க கையெழுத்து தேவையில்லைன்னு நீங்கதான சொன்னிய. சரி, நாங்களும் போடலை. கையெழுத்துப் போட்டவுக உங்க ஊர்ல சேந்துட்டாவ. நாங்க சேரலை."

"நாங்கன்னா யாரு?"

"நானும்தான்" என்றாள் கோமதி, அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டே. "இன்னும் ரெண்டு வீடு இருக்கு. அவங்களும் இதைத்தான் சொல்லுவாவ."

இதை நாங்கள் பேசிவைக்கவில்லை.

"சேரணும்னா இப்பமே சேருதோம் அண்ணாச்சி" என்றேன். "முழு வரின்னு ரசீது எழுதுங்க. பணம் வாங்கிக்கிடுங்க. அடுத்த கூட்டத்துல நாலு பேரும் வந்து உக்காருவோம், பேசுவோம். அரைன்னு எழுதினா இங்கேர்ந்து ஒத்தப் பைசா வராது."

ராமையா அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. காலம் காலமாக வரியைக் குறைக்கச் சொல்லி அழுதவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். கூட்டச் சொல்லி நிற்கிறவர்களை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. குரலை உயர்த்தினார்.

"ஏட்டி, வரி கொடுக்க மாட்டிய, ஊரும் வேற. கரண்ட் மட்டும் எங்க ஊர்ல இருந்து வேணுமோ?"

"கரண்டுக்கு நான் முழு பில்லு கட்டுதேன் அண்ணாச்சி. புருஷன் செத்தவளாச்சேன்னு கரண்டு ஆபீஸ்ல எனக்கு ஒரு தடவைகூட அரை பில்லு போட்டதில்ல."

அவர் ரசீதுப் புத்தகத்தை விரித்தபடியே நின்றார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு பொம்பளைகளைப் பற்றி என்னவோ சொல்லத் தொடங்கினார்.

கோமதியின் அரிசியை வாங்கித் தொட்டியில் கொட்டி மோட்டாரைப் போட்டேன். அதற்குமேல் அவர் பேசியது எதுவும் எங்கள் காதில் விழவில்லை.